பேக்கப் ஓடுதுங்க

இருக்கட்டுங்கய்யா, காப்பி வேண்டாமுங்க. தண்ணியே போதும்.  வழியில மதுரையில ஒரு டீ குடிச்சுட்டனுங்க.

உங்க பொண்ணு பெனிட்டா எத்தனை மணிக்குங்க வரும்? பன்னெண்டரையா? கம்ப்யூட்டர் சென்டர்ல பசங்களுக்குச் சொல்லிக் குடுக்குதா? நல்லதுங்க. நான் காத்திருக்கறனுங்க. போன் போட்டுச் சொல்ல வேண்டாமுங்க. நான் வந்திருக்கேன்னு தெரிஞ்சா வராம இருந்தாலும் இருந்துடும். இல்லீங்க, சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா ஒரு சின்ன ஒத்தாசை கேக்கலாம்னு வந்தனுங்க.

சின்ன ஒத்தாசைக்கு எவனாச்சும் ஈரோட்டுல இருந்து பாளையங்கோட்டைக்கு வருவானான்னு பாக்கறீங்க. சரிதானுங்க.   

என்ற பேரு அர்த்தநாரிங்க. பெனிட்டாவோட கம்பெனியில சர்வர் ரூமு என்ற பொறுப்பு. அம்மிணி என்னைப் பத்திச் சொல்லியிருக்குதுங்களா? என்னன்னு சொல்லுச்சு? நல்ல மனுசன்னா?

அப்படிங்களா.

சித்த இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

எங்க கம்பெனி கோழிக்குஞ்சு பொரிக்கற பண்ணைங்களுக்கு சாப்ட்வேர் எழுதற கம்பெனிங்க. முட்டையை அடுக்கி வெச்சு இருபத்தொரு நாள் சூடு குடுக்கற மெஷின் இருக்குதுங்களே, அதுல சூடு ஏறாம எறங்காம பாத்துக்கறது எங்க சாப்ட்வேருதான். நாமக்கல்லு, பல்லடம், உடுமலைன்னு எழுபது பண்ணையில நம்முளுது ஓடுது. வேதநாயகி மேடம்னு, அவங்கதான் ஓனரு. ஒத்தை ஆளா ஆரம்பிச்சது, இன்னிக்கு இருபத்தாறு பேரு சோறு திங்கறோம். நான் அங்க யூபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணி ஊத்தப் போனவனுங்க. கை சுத்தமான ஆளு, சொன்னதைச் செய்வான்னு மேடம் ஒரு நாள் சர்வர் ரூமுச் சாவியைக் கையில குடுத்துட்டாங்க. பதிமூணு வருசமாச்சு. அந்தச் சாவி என்ற இடுப்பை விட்டு எறங்கினதில்லீங்க. என்ற பொண்ணு கல்யாண மண்டபத்துல கூட வேட்டி மடிப்புலதான் இருந்துச்சு.

பசங்க எழுதறது மொத்தமும் அந்த ஒரு சர்வர்லதானுங்க இருக்கும். அவங்கவங்க மேசையில இருக்கறது வெறும் டிவிப் பொட்டியாட்ட, ஒண்ணும் தங்காது. அது நான் போட்ட ரூலுங்க. முன்னால ஒருத்தன் பென் டிரைவுல எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயி வேற கம்பெனிக்குக் குடுத்துட்டான். அன்னைக்கே எம்-சீல் வாங்கிட்டு வந்து, இருபத்தாறு மெஷின்லயும் பென் டிரைவ் சொருகற ஓட்டையை என்ற கையாலயே அடைச்சனுங்க. பைப்பு ஒழுகுனா அடைப்போமே, அந்த எம்-சீலுதான். மேடம் பாத்துட்டு, அர்த்தநாரி இருக்கற வரைக்கும் எனக்கென்ன வெசனம்னாங்க. எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரலீங்க, சந்தோசத்துல.

நீங்க பஸ் ஓட்டினவருன்னு அம்மிணி சொல்லியிருக்குதுங்க. முப்பது வருசம் கவர்மெண்டு பஸ்சு. அப்ப உங்களுக்குச் சொன்னாப் புரியும். பஸ்சுல ஸ்டெப்னி டயர் இருக்கும்ல? எங்களுக்கு அதுதானுங்க பேக்கப்பு. சர்வர்ல இருக்கறதை இன்னொரு டிஸ்க்குல தினமும் ஒரு காப்பி எடுத்து வெக்கோணும். சர்வர் போனாலும் அதுல இருந்து எடுத்துக்கலாம். நம்முளுது மத்தியானம் ஒரு மணிக்கு, எல்லாரும் சாப்பிடப் போறப்ப ஆரம்பிக்கும். திரையில ஒரு பச்சைக் கோடு ஓடும். மேடம் ஒவ்வொரு திங்கக்கிழமையும் கேப்பாங்க, அர்த்தநாரி, பேக்கப் ஓடுதான்னு. ஓடுதுங்கம்பேன். அவ்வளவுதான், அடுத்த வேலைக்குப் போயிடுவாங்க.

ஓடுச்சுங்கய்யா. சத்தியமா ஓடுச்சு. நான் பொய் சொல்லலீங்க. ஓடுதான்னுதான் மேடம் கேட்டாங்க. முடியுதான்னு ஒரு நாள் கூடக் கேக்கலீங்களே? டிஸ்க்கு நெம்பிப் போயி ரெண்டு வருசம் ஆகியிருக்குது. பச்சைக் கோடு ஓடுது, ஓடிப் போயி, இடமில்லைன்னு நின்னுக்குது. அதை நான் எங்கீங்க பாத்தேன்? நீங்களே சொல்லுங்க, ஸ்டெப்னி இருக்கான்னு கேட்டா இருக்குதும்பீங்க. அதுல காத்து இருக்கான்னு யாராச்சும் தட்டிப் பாப்பாங்களா?

பாப்பீங்களா? தினமுமா?

முப்பது வருசமும்?

சரிங்க. நீங்க பாத்திருப்பீங்க. எல்லாரும் உங்களாட்ட இருப்பாங்களா?

எனக்கு அது தெரிஞ்சது போன வருசந்தானுங்க. ஒரு பையன் அவன் எழுதினதைத் தவறுதலா அழிச்சுட்டான், பேக்கப்ல இருந்து எடுத்துக் குடுங்கண்ணான்னு வந்து நின்னான். தொறந்து பாத்தா ஒரு வருசத்துக்கு முந்தினதுதான் இருக்குது. எனக்குக் காதுல ஒரு இரைச்சல் வந்துச்சு பாருங்க, அது இன்னும் நிக்கலீங்க. அந்தப் பையன்கிட்ட, நீ அதை ஒழுங்கா சேவ் பண்ணவே இல்லைடான்னு சொல்லி அனுப்பிட்டேன். பாவம், மூணு நாள் உக்காந்து திரும்ப எழுதினான்.

அப்பவே மேடம்கிட்டச் சொல்லியிருக்கலாமேன்னா, எப்படீங்க சொல்றது? ஒரு வருசமா ஓடுது ஓடுதுன்னியேம்பாங்க. புது டிஸ்க்கு கேட்டா, பழைய டிஸ்க்கு என்னாச்சும்பாங்க. நாளைக்குச் சொல்லலாம், தீவாளி நோம்பி முடியட்டும், மேடத்தோட பையன் பரிச்சை முடியட்டும்னு தள்ளித் தள்ளி, மடியில நெருப்பைக் கட்டிட்டுத் திரிஞ்சனுங்க. இன்னொண்ணும் இருக்குது. சர்வருக்குள்ள ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்னு ரெண்டு டிஸ்க்கு இருக்குமுங்க. அதுல ஒண்ணு தை மாசமே செத்துப் போச்சு. முன்னால ஒரு செவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரிய ஆரம்பிச்சுது. ரூமுக்கு வர்றவங்கெல்லாம், அண்ணா இது என்ன லைட்டுன்னு கேட்டா என்னங்க சொல்றது? வீட்டுக்காரியோட ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணை எடுத்துட்டுப் போயி அது மேல ஒட்டிட்டேன். மெரூன் கலரு. பாக்க லட்சணமாத்தானுங்க இருந்துச்சு. பொங்கலுக்கு வெச்சதுன்னு நெனைச்சுட்டாங்க எல்லாரும்.

இந்த லட்சணத்துல இருக்கறப்பத்தான் உங்க பொண்ணு க்ளவுட்டு க்ளவுட்டுன்னு ஆரம்பிச்சுது.

க்ளவுட்டுன்னா ஒண்ணுமில்லீங்க. எங்கயோ ஊரு பேரு தெரியாத எடத்துல பெரிய பெரிய கட்டடத்துல ஆயிரக்கணக்குல சர்வர் வெச்சிருப்பான். நாம மாசாமாசம் வாடகை கட்டி அதுல குடியிருக்கோணும். நம்மகிட்ட சர்வர் ரூமே வேண்டாம். ஏசி வேண்டாம், யூபிஎஸ் வேண்டாம். அப்ப அர்த்தநாரி எதுக்குங்க? அம்பத்தோரு வயசு எனக்கு. இனிமே எவன்கிட்டப் போயி பேட்டரிக்குத் தண்ணி ஊத்தறது?

அதைக் கூட விடுங்க. அங்க மாத்தறதுன்னு முடிவு பண்ணினா மொத வேலையா பேக்கப்பைக் குடுங்கம்பாங்க. இல்லாததை எங்கிருந்துங்க குடுக்கறது?

உங்க பொண்ணைக் குத்தம் சொல்லலீங்க. நல்ல புள்ளை. எங்கிட்ட மரியாதையா நடந்துக்கும். ஒரு நாள் வந்து, அண்ணே, மேடத்துக்குக் காட்டறதுக்கு சாம்பிளுக்கு ஒரு காப்பி மேல ஏத்திப் பாக்கறேன், வெளிய போறதுக்கு ஒரு லைன் மட்டும் தொறந்து விடுறீங்களான்னு கேட்டுச்சு. தொறந்து விட்டனுங்க. என்ன பண்ணிடும்னு நெனைச்சேன். ரெண்டே மணி நேரத்துல மொத்தத்தையும் ஏத்திட்டு வந்து, பாத்தீங்களாண்ணே எவ்வளவு சுளுவுன்னு சிரிக்குது. எனக்கு உள்ளங்காலு சில்லுன்னு ஆகிப்போச்சு.

போன வாரம் திங்கக்கிழமை மீட்டிங்கு. போர்டுல இந்தப் பக்கம் சொந்த சர்வர், அந்தப் பக்கம் க்ளவுட்டுன்னு மேடமே எழுதி, பேசுங்கன்னாங்க. அம்மிணி எந்திரிச்சு அழகா எடுத்துச் சொல்லுச்சு. சர்வர் பழசாச்சு, ஒரு தீப்பிடிச்சா, ஒரு வெள்ளம் வந்தா மொத்தமும் போயிடும், ஒரே எடத்துல வெக்கக் கூடாதுன்னு. மேடம் தலையை ஆட்டறாங்க. எல்லாருமே ஒட்டுக்கா தலையை ஆட்டறாங்க. 

மீட்டிங்குலெல்லாம் நான் வாயே தொறக்க மாட்டனுங்க. அன்னைக்கு எந்திரிச்சுட்டேன். மேடம், வாடகை வீட்டுல ஒரு ஆணி அடிக்கோணும்னாலும் வீட்டுக்காரனைக் கேக்கோணும். நாளைக்கு வாடகையை ஏத்தினா எங்கீங்க போறது? பெருந்துறை ரோட்டுல ஜேசிபிக்காரன் கேபிளை வெட்டிட்டா இருபத்தாறு பேரும் கையைக் கட்டிட்டு உக்காரோணும். நம்ம சர்வரு நம்ம கண்ணு முன்னால இருக்குது. பேக்கப் தினமும் ஓடுதுன்னேன். அத்தோட நிறுத்தியிருக்கலாம். நிக்கலீங்க வாயி. மேடம், நீங்க முடிவு பண்றதுக்கு முந்தியே நம்ம பசங்க எழுதின கோடு மொத்தமும் வெளிய போயிடுச்சு, பெனிட்டாவைக் கேளுங்கன்னுட்டேன்.

திருட்டுன்னு நான் சொல்லலீங்க. அந்த வார்த்தையை மேடம்தான் சொன்னாங்க. ஏற்கனவே பென் டிரைவுல அடிபட்டவங்க பாருங்க, மொகமே மாறிப்போச்சு. எப்படி வெளிய போச்சுன்னு அம்மிணியைக் கேட்டாங்க. அம்மிணி என்னைப் பாத்துச்சு. நான் சொல்லட்டும்னு பாத்துச்சுன்னு நெனைக்கறேன். மேடம் என்னைக் கேக்கலீங்களே? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். கேக்காதப்ப நானா எப்படீங்க குறுக்க பேசறது?

நாளையில இருந்து வர வேண்டாம்னு அங்கயே சொல்லிட்டாங்க. மேல ஏத்தினதை என்ன பண்ணோணுமோ நீ பாத்துக்கோ அர்த்தநாரின்னுட்டு மேடம் எந்திரிச்சுப் போயிட்டாங்க.

ஏனுங்கய்யா? ஏன் அப்படிப் பாக்கறீங்க?

தெரியாதுங்களா? அம்மிணி சொல்லலீங்களா? லீவுல வந்திருக்கேன்னா சொல்லுச்சு?

அட கெரகமே. என்ற வாயில சனி. மன்னிச்சுக்கோங்கய்யா, நான் தெரியாம... உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதானுங்க நான் பாட்டுக்கு... கோவிச்சுக்காதீங்க. உக்காருங்க. உங்க கையப் பிடிச்சுக் கேக்கறேன், அம்மிணி வர்ற வரைக்கும் என்னை வெளிய போகச் சொல்லிடாதீங்க. நான் முழுசாச் சொல்லிடறேன்.

அன்னைக்குச் சாயங்காலமே நான்தான் பக்கத்துல நின்னு அழிக்க வெச்சனுங்க. அம்மிணி சொல்லுச்சு, அண்ணே, வேலை போனாப் போகுது, வெளிய ஒரு காப்பி இருக்கறது கம்பெனிக்கு நல்லதுண்ணே, மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அழிக்கறேன்னுச்சு. நான் சொல்றனில்ல, அழிம்மான்னேன். அழிச்சுது. குப்பைத்தொட்டியையும் காலி பண்ணச் சொன்னேன். அதையும் பண்ணுச்சு. போறப்ப, வர்றேண்ணேன்னு சொல்லிட்டுத்தான் போச்சு. அப்பத்தானுங்க கொஞ்சம் மூச்சு வந்துச்சு எனக்கு. ஒரு வருசமா கேக்காத சோறு ரெண்டாவது தரம் கேட்டு வாங்கித் தின்னேன் வீட்டுல.

நாலே நாளு. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு சர்வர்ல இருந்து டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். யாரோ உள்ள இருந்து கதவைத் தட்டறாப்பல. ஓடிப் போயிப் பாக்கறதுக்குள்ள நின்னு போச்சு. அந்த அமைதி இருக்குது பாருங்கய்யா, பதிமூணு வருசத்துல அந்த ரூமு அமைதியா இருந்ததே இல்லீங்க. நான் கதவைச் சாத்தி உள்ள தாப்பாப் போட்டுட்டு உக்காந்துட்டேன். வெளிய பசங்க தட்டறாங்க. மெயின்டனன்ஸுப்பா, மெயின்டனன்ஸுப்பாங்கறேன். என்ற குரலு எனக்கே ஆரு குரலோவாட்டக் கேக்குது.

சனிக்கிழமை ரெண்டு டிஸ்க்கையும் கழட்டிட்டு கோயமுத்தூருக்கு ஓடினேன், செத்த டிஸ்க்குல இருந்து எடுத்துத் தர்ற கடைக்கு. தொறந்து பாத்துட்டு, தட்டெல்லாம் கீறிப் போச்சு, ஒரு எழுத்துக் கூட வராதுன்னுட்டான். பேக்கப் டிஸ்க்குல இருக்கற ரெண்டு வருசப் பழசும் ஆகாதுங்க, அதுக்கப்பறம் பசங்க மொத்தத்தையும் மாத்தி எழுதிட்டாங்க. பதிமூணு வருச வேலைங்க. மேடத்தோட வாழ்க்கைங்க அது. பல்லடத்துக்காரரு ஒருத்தரு தினமும் கூப்பிடறாரு, புது மெஷின் போட்டதுல இருந்து சூட்டைத் தப்பாக் காட்டுது, சரி பண்ணிக் குடுங்கன்னு. எம்பதாயிரம் முட்டை உள்ள இருக்குது. எங்கிருந்துங்க சரி பண்றது? திருத்தறதுக்குக் கையில ஒண்ணுமே இல்லீங்களே?

மேடத்துகிட்ட திங்கக்கிழமை பவர் சப்ளைன்னு சொன்னேன். நேத்து, பார்ட்டு வாங்க சென்னைக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க பஸ் ஏறிட்டேன்.

உங்க பொண்ணு ஏத்தின காப்பி சனிக்கிழமையே ஞாபகம் வந்துச்சுங்க. கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டுலயே நம்பரை எடுத்தேன். கை வரலீங்க. பேக்கப் இல்லையாண்ணேன்னு கேக்குமே, மேடத்துகிட்டச் சொல்லிடுமே. ஞாயித்துக்கிழமையும் எடுத்தேன், வெச்சேன். திங்கக்கிழமையும் எடுத்தேன். அப்பறம் ஒரு தைரியம்ங்க. என்ற பொண்ணு போன்ல போட்டோ அழிச்சாக்கூட முப்பது நாளைக்கு எங்கயோ ஒளிஞ்சு இருக்குமாம், திரும்ப எடுத்துக்கலாமாம். க்ளவுட்டுலயும் அப்படித்தானே இருக்கும்? முப்பது நாள்ல இன்னைக்கு ஒம்பதாவது நாளு. நேர்ல போயி கால்ல விழுந்தாவது கேட்டுக்கலாம், மேடத்துக்குத் தெரியாம சர்வர்ல போட்டுடலாம்னு...

கேட் சத்தம் கேக்குதுங்களே. அம்மிணிங்களா?

வாம்மா. நான்தாம்மா, அர்த்தநாரி அண்ணன். ஏம்மா அங்கயே நிக்கற? உங்கப்பாகிட்டத்தான் பேசிட்டிருந்தேன். எல்லாம் சொல்லிட்டேன்மா, தெரியாமச் சொல்லிட்டேன். கோவிச்சுக்காத. உக்காரு கண்ணு.

சர்வர் போச்சும்மா. வெள்ளிக்கிழமையே போச்சு. பேக்கப்பா? அது... இல்லம்மா. ரெண்டு வருசமா இல்ல. திட்டும்மா, எவ்வளவு வேணா திட்டு. உன்னை நம்பித்தான் ராத்திரியெல்லாம் பஸ்சுல நின்னுட்டே வந்தேன். நீ அன்னைக்கு அழிச்சியே, அதைத் திரும்ப எடுத்துக் குடுத்துடு. முப்பது நாள் இருக்கும்ல?

என்னம்மா?

ஏழு நாளா?

இல்லம்மா, முப்பதுதாம்மா. நல்லாப் பாரு. வேண்டாம், விரல் விட்டு எண்ணாதம்மா. எனக்குப் பயமா இருக்குது. திங்கக்கிழமை சாயங்காலத்தோடயா? முந்தாநேத்தா? சனிக்கிழமை ஒரு போன் போட்டிருந்தா அஞ்சு நிமிச வேலையா?

வேற எங்கயாச்சும் ஒண்ணு வெச்சிருப்பம்மா. உன்ற கம்ப்யூட்டர்ல, போன்ல. ஒரு ஓரத்துல. திருட்டுத்தனமா வெச்சிருந்தாலும் பரவாயில்ல கண்ணு, நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமாச் சொல்ல மாட்டேன். இல்லையா? ஒண்ணுமே வெச்சுக்கலையா?

அய்யா, நீங்களாச்சும் கேளுங்கய்யா. இருபத்தாறு குடும்பம்ங்க.

என்ற போனுங்க. பாருங்க, மேடம்தான் கூப்பிடறாங்க. எடுக்க வேண்டாமுங்களே? அடிச்சு ஓயட்டும். ஓயறதும் திரும்ப அடிக்கறாங்க. பல்லடத்துக்காரரு மேடத்துக்கே கூப்பிட்டிருப்பாரு. அய்யா, நீங்க எடுத்து, அந்த ஆளு இல்லைன்னு... சரிங்க. ஆன் பண்ணிட்டீங்களா? சரிங்க, குடுங்க.

வணக்கங்க மேடம். ஆமாங்க. சென்னையில இல்லீங்க மேடம், பாளையங்கோட்டைங்க. பெனிட்டா வீட்டுலங்க. ரிப்பேரில்லீங்க மேடம், சர்வர் போயிடுச்சுங்க. பேக்கப்புங்களா? ஓடிட்டுத்தானுங்க இருந்துச்சு. அதுலயும் இல்லீங்க மேடம். இருங்க மேடம், அழுகாதீங்க. பெனிட்டா மேல ஏத்துச்சே, அந்தக் காப்பிங்களா? அதுக்குத்தானுங்க வந்தேன். அதுவும் இல்லீங்க. அழிச்சாச்சுங்க.

யாருங்களா?

அம்மிணி இங்கதானுங்க இருக்குது, எதுக்கால நின்னு என்னையே பாத்துட்டு இருக்குது.

பெனிட்டாதானுங்க மேடம். என்ற கண்ணு முன்னாலதானுங்க அழிச்சுது.